தோலைப் பாத்து ஸ்பேனர் வாங்கினவன்

போன ஞாயித்துக்கிழமை ஒரு டூல் கிட் வாங்க ஆம்பூர்லேர்ந்து வேலூருக்குப் போனேன்.

அவ்ளோதான் வேலை. பஸ் ஏறணும், கடைக்குப் போகணும், வாங்கணும், திரும்பணும். பதினோரு மணிக்குள்ள வந்துடுவேன்னு வீட்ல சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்.

சொன்ன மாதிரியே பதினோரு மணிக்கு வீட்ல இருந்தேன். பேஜார் எல்லாம் அதுக்கப்புறம்தான்.

முதல்ல வண்டியப் பத்திச் சொல்லிடறேன். எங்கிட்ட ஒரு பழைய அம்பாசிடர் இருக்கு. மூணு வருஷம் முன்னாடி குடியாத்தத்துல லுங்கித் தறி வச்சிருக்கற ஒருத்தர்கிட்ட வாங்கினது. சாவியக் கையில குடுக்கும்போது அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வண்டி மேல இவ்ளோ பாசமான்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அது பாசம் இல்ல, நிம்மதின்னு இப்பதான் புரியுது.

குடியாத்தத்துலேர்ந்து நானே ஓட்டிட்டு வந்தேன். வீட்டை ஒட்டி ஒரு ஷெட் இருக்கு, அதுக்குள்ள விட்டேன். அன்னிக்கு நிறுத்தினதுதான். அதுக்கப்புறம் அது ஒரு அடி நகரல.

ஆனா ஃபோட்டோ மட்டும் வாரம் தவறாம எடுப்பேன். பக்கத்துல நின்னு ஒண்ணு, பானெட் மேல சாஞ்சு ஒண்ணு, கதவத் தொறந்து ஒரு கால வெளிய வச்சுக்கிட்டு ஒண்ணு. 'செம வண்டி ப்ரோ', 'கம்பீரம் அண்ணா'ன்னு நீங்களும் ஹார்ட் போட்டீங்க. ஸ்டார்ட்டே ஆகாத வண்டிக்குத்தான் மக்களே அத்தனை ஹார்ட்டும். மன்னிச்சுக்கோங்க.

இப்ப ஸ்டெல்லா விஷயத்துக்கு வர்றேன். ஸ்டெல்லா என் சம்சாரம். பன்னெண்டு வருஷம் ஒரு ஷூ கம்பெனியில தையல் லைன்ல இருந்தா. போன மாசம் வேலைய விட்டுட்டு, அதே லைன்ல இருந்த இன்னும் மூணு பேரச் சேத்துக்கிட்டு சொந்தமா ஜாப் ஒர்க் ஆரம்பிக்கறா. கம்பெனி தோல வெட்டி அனுப்பும், இவங்க மேல் பாகத்தத் தெச்சுத் திருப்பி அனுப்பணும். நாலு மெஷினும் கம்பெனியே தருது. ஒரே கண்டிஷன், இடம் ரெடியா இருக்கணும். திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு மெஷினோட டெக்னீஷியன் வருவாரு. இடம் காலியா இல்லன்னா மெஷின் அப்படியே பேரணாம்பட்டுக்குப் போயிடும். அங்க வேற ஒரு டீம் ரெடியா நிக்குது.

நாலு பொம்பளைங்க இருந்த வேலைய விட்டுட்டு எங்க ஷெட்ட நம்பி நிக்கறாங்க. அந்த ஷெட்ல என் அம்பாசிடர் நிக்குது.

மூணு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தா. நானும் "பாக்கலாம்... பாக்கலாம்"னு சொல்லிக்கிட்டே இருந்தேன். புதன்கிழமை அவ ஒண்ணுமே சொல்லல. போய் காயலான் கடை கரீம் பாய்கிட்ட பேசிட்டு வந்துட்டா.

"ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு பாய் டெம்போ எடுத்துக்கிட்டு வர்றாரு. அதுக்குள்ள ஷெட்ட விட்டு வெளிய வந்துச்சுன்னா அது உங்க வண்டி. வரலன்னா அது பாய் வண்டி."

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. உடனே நானும் நிறுத்திட்டேன்.

சனிக்கிழமை சாயந்தரம் தள்ளிப் பாத்தேன். அசையல. முதுகக் குடுத்துத் தள்ளினேன். என் முதுகுதான் அசைஞ்சுது. பின்னாடி இடது பக்கச் சக்கரம் மட்டும் இறுகிப் போய், சுத்தவே மாட்டேங்குது.

சரி, தெரிஞ்சவங்களக் கேப்போம்னு வாட்ஸப் குரூப்புல போட்டேன். பழைய வண்டி வச்சிருக்கறவங்களுக்குன்னே ஒரு குரூப். அட்மின் ஜெரால்டு சார், வாலாஜாபேட்டைக்காரர். மூணு பழைய கார் வச்சிருக்காரு, அதுல ஒண்ணு அம்பாசிடர். மூணும் போத்தின துணிக்குள்ள இருக்கு. ஃபோட்டோ எடுக்க மட்டும் துணிய எடுப்பாரு. அப்படிப்பட்ட அனுபவசாலி உடனே ஃபோன் பண்ணிட்டாரு.

"பிரேக் ஜாம் ஆயிருக்கு பிரதர். சக்கரத்துக்குப் பின்னாடி அட்ஜஸ்டர்னு ஒரு சின்ன நட்டு இருக்கும். ஸ்பேனர் போட்டு ரெண்டு சுத்து தளத்துங்க, சக்கரம் ஃப்ரீ ஆயிடும். பத்து நிமிஷ வேலை."

"அப்ப எங்க தெரு முனை மெக்கானிக்கக் கூப்பிட்டுக்கறேன் சார்."

அவரு குரல் ரொம்ப வருத்தமா ஆயிடுச்சு.

"பிரதர்... சொந்தமா ஒரு டூல் கிட் இல்லாதவன் கிளாசிக் கார் வச்சிருக்கவே கூடாது பிரதர்."

சுருக்குன்னு இருந்துச்சு. தெரு முனை மெக்கானிக் ஒரு டீ வாங்கிக் குடுத்தா வந்திருப்பாரு. பத்து நிமிஷத்துல முடிச்சிட்டு, அம்மாவுக்கு இப்ப சுகர் எப்டி இருக்குன்னு விசாரிச்சிட்டுப் போயிருப்பாரு. ஆனா இப்ப அது மானப் பிரச்சனை ஆயிடுச்சே!

ஜெரால்டு சார் ஒரு லிஸ்ட் அனுப்பினாரு. நாப்பத்தோரு ஐட்டம். ரிங் ஸ்பேனர் செட், ஓப்பன் ஸ்பேனர் செட், சாக்கெட் செட், எட்டு விதமான ஸ்க்ரூ டிரைவர், ரப்பர் சுத்தி, முட்டிக்கு மெத்தை, நெத்தியில கட்டிக்கற லைட்டு. நுனியில காந்தம் வச்ச குச்சி ஒண்ணு வேற. கடைசி வரியில 'ஆரம்பத்துக்கு இது போதும்'னு போட்டிருந்தாரு. ஒரு நட்டக் கழட்ட நாப்பத்தோரு ஐட்டம். எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். லிஸ்ட ஸ்டெல்லாகிட்ட காட்டினேன்.

"நெத்தி லைட்டா? நீங்க கார் ரிப்பேர் பண்றீங்களா, கெணறு வெட்டப் போறீங்களா?"

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் கோயில் பூசைக்குக்கூட போகாம வேலூர் பஸ் ஏறிட்டேன்.

கடை பஜாருக்குள்ள ஒரு சந்துல. ஞாயித்துக்கிழமை அரை நாள்தான் தொறந்திருக்கும். கல்லாவுல ஒரு அம்மா, முப்பது வயசு இருக்கும். கடைக்காரரோட பொண்ணு போல. சுத்தி எல்லாப் பக்கமும் ஸ்பேனர் தொங்குது. நடுவுல அந்தம்மா ஒரு கையில தோசை, ஒரு கையில பில் புக்கோட உக்காந்திருந்தாங்க.

"டூல் கிட் வேணும்மா. கிளாசிக் கார் ரெஸ்டோரேஷனுக்கு."

'ரெஸ்டோரேஷன்'ங்கற வார்த்தைய நான் வாழ்க்கையில முதல் தடவை வாயால சொன்னது அப்பதான். பஸ்ல வரும்போதே ரெண்டு தடவை மெதுவா சொல்லிப் பாத்துக்கிட்டேன்.

"இன்னா வண்டி சார்?"

"அம்பாசிடர். விண்டேஜ்."

"இஞ்ச் சைஸ் வேணுமா, எம்எம் சைஸ் வேணுமா?"

இந்த இடத்துல நான் யாருன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். நான் டேனரியில செலக்ஷன்ல இருக்கேன். பதப்படுத்தின தோல் மேசைக்கு வரும். கையால தடவி, வெளிச்சத்துல சாச்சுப் பாத்து, கீறல் எங்க, உண்ணி கடிச்ச தழும்பு எங்கன்னு கண்டுபிடிச்சு, ஏ செலக்ஷன், பி செலக்ஷன், சி செலக்ஷன்னு பிரிக்கறது என் வேலை. இருவது வருஷமா இதான். கண்ண மூடிக்கிட்டு தோல் மேல கை வச்சாலே கிரேடு சொல்லிடுவேன். அதனால உலகத்துல எந்தப் பொருளையும் கை வச்சுப் பாத்தே எட போட்டுடலாம்னு எனக்கு ஒரு நெனப்பு உண்டு.

தோல்ல ரெண்டு அளவு இருக்கு. பரப்பு சதுர அடியில. கனம் எம்எம்ல. அடிக்கணக்கு சும்மா பில் போடறதுக்கு. கனம் அப்படி இல்ல. பார்ட்டி ஒண்ணு புள்ளி ரெண்டு எம்எம் கேட்டா ஒண்ணு புள்ளி ரெண்டுதான் இருக்கணும். கொஞ்சம் ஏறினாலும் எறங்கினாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துடும். அதனால எங்க ஆளுங்களுக்கு எம்எம்னா ஒரு பயம் கலந்த மரியாதை.

இத்தனையும் மனசுல வச்சுக்கிட்டு அந்தம்மாகிட்ட ஒரு கேள்வி கேட்டேன். நெனச்சாலே இப்பவும் காது சூடாவுது.

"ரெண்டுல எதும்மா ஒசத்தி?"

அந்தம்மா தோசைய தட்டுல வச்சுட்டாங்க.

"ஒசத்தி, மட்டம்லாம் இல்ல சார். வண்டி நட்டு எந்தச் சைஸோ அந்தச் சைஸ் ஸ்பேனர்."

"எக்ஸ்போர்ட் எல்லாம் எம்எம்தான்மா. எம்எம்மே குடுங்க."

"சார், பழைய அம்பாசிடர்னா இஞ்சா இருக்கும். வீட்டுக்கு ஃபோன் பண்ணி..."

"நாங்க தினம் எம்எம்லதாம்மா வேலை செய்யறோம்."

அந்தம்மா என்னை ஒரு தடவை ஏற எறங்கப் பாத்தாங்க. பில் புக்கப் பாத்தாங்க. அப்புறம் எம்எம் செட் நாலஞ்ச எடுத்து மேசை மேல பரப்பினாங்க.

நான் செலக்ஷன ஆரம்பிச்சேன்.

ஒவ்வொரு ஸ்பேனரையும் எடுத்து வெளிச்சத்துல சாச்சுப் பாத்தேன். கட்டை விரலால தடவினேன். ஒண்ணுல சின்னதா ஒரு கீறல் தெரிஞ்சுது. "இது பி" அப்படின்னு தள்ளி வச்சேன். இன்னொண்ணுல பாலீஷ் ஒரே சீரா இல்ல. "இது சி." அந்தம்மா கையக் கட்டிக்கிட்டு பாத்துக்கிட்டே இருந்தாங்க. பின்னாடி ஆணி வாங்க வந்த ஒருத்தர் அவரு வேலைய மறந்துட்டு நின்னாரு.

"சார், கீறல் இருந்தாலும் நட்டு கழலும் சார்."

காதுலயே வாங்கல. ஏன்னா கடைசி செட்டப் பாத்துட்டேன். மத்ததெல்லாம் பிளாஸ்டிக் பொட்டியில இருந்துச்சு. இது மட்டும் தோல்ல! சுருட்டி, வாரு போட்டுக் கட்டின தோல். பிரிச்சா உள்ள வரிசையா பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்லயும் ஒரு ஸ்பேனர். மூக்குக்கிட்ட கொண்டு போனேன். ரெக்சின் இல்ல, ஒரிஜினல். எருமைத் தோல், நல்ல கனம், ஓரம் மடிச்சுத் தெச்சிருக்கு.

"இது நம்ம பக்கத்துத் தோல்மா! பி செலக்ஷன். ஏ செலக்ஷன்னே சொல்லியிருக்கலாம், இந்த மூலையில மட்டும் ஒரு உண்ணித் தழும்பு."

"சார், நீங்க ஸ்பேனர் வாங்க வந்தீங்களா, பை வாங்க வந்தீங்களா?"

ஆணி வாங்க வந்தவரு சிரிச்சிட்டாரு. லிஸ்ட்ல இருந்த மத்த ஐட்டத்தையும் எடுத்து வைக்கச் சொல்லிட்டு நான் கம்பீரமா பர்ஸ எடுத்தேன்.

"ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார். இப்பவே சொல்லிடறேன்."

"நானா ரிட்டர்ன் தர்றேன்?"

திரும்பி வரும்போது பஸ்ல மடியில வச்சுப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் "டாக்டருங்களா?"ன்னு கேட்டாரு. இல்லன்னு சொல்ல மனசு வரல. குரூப்புலயும் ஃபோட்டோ போட்டேன். ஜெரால்டு சார் 'வெல்கம் டு த ஃபேமிலி பிரதர்'னு எழுதி மூணு பூ போட்டாரு.

வீட்ல நொழையும்போது ஸ்டெல்லாவோட டீம் வந்திருந்துச்சு. பரிமளா, லட்சுமி, ஷகீலா மூணு பேரும் தொடப்பம், சுண்ணாம்பு வாளியோட ரெடி. ஷெட்ட கழுவி வெள்ளை அடிக்கணும். வண்டி நிக்கறதால ஒண்ணும் பண்ண முடியல. வண்டியச் சுத்தி சேரப் போட்டு உக்காந்துக்கிட்டாங்க. நான் தோலப் பிரிச்சுத் தரையில விரிச்சேன்.

"அழகா இருக்குண்ணா"ன்னாங்க பரிமளா. "எடுத்து சாமி ஃபோட்டோ பக்கத்துல மாட்டலாம்."

வண்டிக்கு அடியில படுத்தேன். நெத்தி லைட்டப் போட்டேன். சக்கரத்துக்குப் பின்னாடி அட்ஜஸ்டர் தெரிஞ்சுது. மனசுக்குள்ள ஒரே மேளம். ஒரு ஸ்பேனர எடுத்து வச்சேன். நட்டுத் தலை மேல ஏறவே இல்ல. அடுத்த பெரிய சைஸ எடுத்தேன். ஏறுச்சு, ஆனா லொடலொடன்னு ஆடுது. மறுபடி சின்னது. ஏறல. மறுபடி பெருசு. ஆடுது.

"இன்னாங்க, பத்து நிமிஷம் ஆச்சா?" ஸ்டெல்லா குரல்.

"கொஞ்சம் டைட்டா இருக்கு!"

ஆடினா இன்னா, பலமாத் திருப்புவோம்னு பெரிய ஸ்பேனரையே வச்சு மூச்சப் பிடிச்சு ஒரு திருப்பு. சர்ருனு வழுக்குச்சு. கை போய் சேஸிஸ்ல இடிச்சுது. கத்தினேன். அடுத்த திருப்பு. மறுபடி வழுக்கு. ஏழெட்டு தடவை. அப்புறம் லைட்ட கிட்டக் கொண்டு போய்ப் பாத்தா நட்டுத் தலையோட மூலையெல்லாம் தேஞ்சு போச்சு. வழவழன்னு, மெழுகு போட்ட மாதிரி ஆயிடுச்சு.

அடியில படுத்தபடியே ஜெரால்டு சாருக்கு ஃபோன் போட்டேன்.

"எம்எம் வாங்கினீங்களா? அய்யோ பிரதர்! அம்பாசிடர் வெள்ளைக்காரன் டிசைனு. எல்லாம் இஞ்சு. இது குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

"நீங்க சொல்லவே இல்லையே சார்."

"நீங்க கேக்கவே இல்லையே பிரதர்."

"சார், உங்க அம்பாசிடருக்கு இந்த அட்ஜஸ்டர நீங்களே கழட்டியிருக்கீங்களா?"

"நானா? எனக்கு எதுக்கு பிரதர்? எங்க மெக்கானிக் பாத்துப்பாரு."

நான் வெளிய வந்தேன். மணி பன்னெண்டு. மூஞ்சியெல்லாம் கிரீஸ். நாலு பொம்பளைங்க, நாலு சேரு, எட்டுக் கண்ணு.

"ஸ்பேனர் சைஸ் மாறிடுச்சு. வேலூர் போய்ட்டு வந்துடறேன்."

ஸ்டெல்லா திட்டியிருந்தா தேவலை. அவ என்னைப் பாக்கவே இல்ல, திங்கக்கிழமைக்கு எடுத்து வச்சிருந்த புது நூல்கண்டுகளப் பாத்தா. ஊதா, கருப்பு, தேன் கலர்னு ஒரு பொட்டி நெறைய. அதப் பாத்துட்டு "போய்ட்டு வாங்க"ன்னா. நெசமாவே வெக்கமா இருந்துச்சு மக்களே. அவ பன்னெண்டு வருஷம் அடுத்தவன் லைன்ல உக்காந்து தெச்சு, இப்பதான் சொந்தமா ஒரு சேர் போட்டுக்கறா. அந்த சேர் போடற இடத்துல ஓடாத வண்டிய நிறுத்திட்டு, அடியில படுத்து நான் வெளையாடிக்கிட்டு இருக்கேன்.

மறுபடி பஸ். பஜாருக்கு ஓடறேன். கடை ஷட்டர் பாதி எறங்கியிருக்கு. குனிஞ்சு உள்ள எட்டிப் பாத்தேன்.

அந்தம்மா பையத் தோள்ல மாட்டிக்கிட்டு கிளம்பற நெலமையில நிக்கறாங்க. மேசை மேல ஒரு தகரப் பொட்டி. மேல சாக்பீஸ்ல 'இஞ்ச்'னு எழுதியிருக்கு. பில்லும் போட்டு வச்சிருக்காங்க.

"வருவீங்கன்னு தெரியும் சார். ரெண்டு மணி வரைக்கும் பாத்துட்டுப் போலாம்னு இருந்தேன்."

பொட்டியத் தொறந்தேன். ஸ்பேனர்ல கீறல், கறுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு.

"கீறல் இருக்கு. பரவால்லயா சார்?"

"பரவால்லம்மா."

"நட்டு மூலையெல்லாம் கெடுத்துடலையே?"

பொய் சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அந்தம்மா மூஞ்சியப் பாத்ததும் வாய் தானா உண்மையச் சொல்லிடுச்சு.

"கெடுத்துட்டேன்மா."

"அப்ப இதுவும் வழுக்கும் சார்"னு சொல்லிட்டு ஷட்டர இழுத்தாங்க.

வழுக்குச்சு. மூணரை மணிக்கு வந்து, அடியில படுத்து, சரியான இஞ்ச் ஸ்பேனர எடுத்து வச்சேன். காலையில நட்ட நான் கெடுக்கறதுக்கு முன்னாடி வச்சிருந்தா அப்படியே கவ்வியிருக்கும். இப்ப பிடிமானமே இல்ல. தட்டிப் பாத்தேன். எண்ணெய் விட்டேன். கெஞ்சினேன். நாப்பத்தோரு ஐட்டத்துல மிச்சம் இருந்தத ஒவ்வொண்ணா எடுத்து முயற்சி பண்ணேன். காந்தக் குச்சியையும் விடல. அது நட்டுல போய் ஒட்டிக்கிச்சு. திரும்பி வரல.

தெரு முனை மெக்கானிக்குக்கும் ஃபோன் பண்ணிட்டேன். மானம் அப்பவே போயிடுச்சே! அவரு காவேரிப்பாக்கத்துல கல்யாணத்துல இருக்காராம். "நாளைக்கு மத்தியானம் வர்றேன் தோஸ்த். பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்"னாரு.

அஞ்சரைக்கெல்லாம் கரீம் பாய் டெம்போவோட வந்துட்டாரு. நல்ல மனுஷன். அவசரப்படுத்தல. ஒரு டீய வாங்கிக் குடிச்சிட்டு வண்டியச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தாரு. கதவத் தட்டிப் பாத்தாரு. தகரத்தோட கனத்தக் கையாலயே எடை போட்டாரு. நான் தோல் பாக்கற மாதிரியே பாத்தாரு.

"பாய், இன்னும் அரை மணி நேரம் இருக்கு."

"நான் எதுவும் சொல்லலையே தம்பி. நீ வேலையப் பாரு."

ஸ்டெல்லா எழுந்தா. பொடவையத் தூக்கிச் சொருகினா.

"போதும், வெளிய வாங்க."

"ஸ்டெல்லா, இன்னும் ஒரே ஒரு..."

"சக்கரம் சுத்த வேணாம். சறுக்கினாப் போதும். பரிமளா, நம்ம லைன் மாத்தும்போது மெஷின எப்படி நகத்துவோம்?"

பரிமளா மூஞ்சி பளிச்சுனு ஆச்சு. "காலுக்கு அடியில தோல் துண்டு வச்சு, சோப்புத் தண்ணி ஊத்தி இழுப்போம்!"

மூணு மாசமா ஒரு ஆம்பளைக்கு, ஒரு வாட்ஸப் குரூப்புக்கு, நாப்பத்தோரு ஐட்டத்துக்குத் தோணாத விஷயம் மக்களே! தையல் லைன்ல இருக்கற பொம்பளைங்க வருஷத்துக்கு நாலு தடவை செய்யற வேலை. யாரும் அவங்களக் கேக்கல. நானும் கேக்கல.

லட்சுமி டிக்கியிலேர்ந்து ஜாக்கிய எடுத்தாங்க. இடது சக்கரத்த ரெண்டு விரக்கடை தூக்கினாங்க. ஷகீலா தரையில சோப்புத் தண்ணி ஊத்தினாங்க. ஷெட்டுக்குக் கடப்பாக் கல்லுத் தரை, பளபளன்னு ஆயிடுச்சு.

"தோலு எங்க? கனமா இருக்கணும், சக்கரம் அளவுக்கு இருக்கணும்" அப்படின்னு ஸ்டெல்லா சுத்திப் பாத்தா. அவ கண்ணு என் டூல் கிட் மேல நின்னுச்சு.

"ஸ்டெல்லா, வேணாம்! அது எருமைத் தோல், பி செலக்ஷன்!"

"இந்த வேலைக்கு ஏ செலக்ஷன்."

ஸ்பேனரையெல்லாம் ஒரு ஒதறுல கொட்டிட்டா. பளபளன்னு நான் கிரேடு போட்டு வாங்கின எம்எம் ஸ்பேனர் அத்தனையும் சோப்புத் தண்ணியில விழுந்துச்சு. தோல நனைச்சு, வழவழன்னு இருக்கற பக்கத்தக் கீழ வச்சு, சக்கரத்துக்கு அடியில தள்ளினா. ஜாக்கிய எறக்கினாங்க.

"நான் தள்றேன்"னு முன்னாடி வந்தேன்.

"நீங்க போய் ஸ்டியரிங்கப் பிடிங்க. அங்கயாவது சும்மா உக்காந்திருக்கலாம்."

உக்காந்தேன். நாலு பேரும் கைய வச்சாங்க. கரீம் பாயும் டீ கிளாஸ ஓரமா வச்சுட்டு வந்து தோள் குடுத்தாரு. அவருக்கு வர வேண்டிய வண்டிய அவரே எங்கிட்ட தள்ளி விட்டாரு மக்களே! அப்படி ஒரு மனுஷன்.

"ஒண்ணு... ரெண்டு... தள்ளு!"

மூணு வருஷமா அசையாத வண்டி, வாழைப்பழத் தோல்ல கால் வச்சவன் மாதிரி சறுக்கிக்கிட்டு வெளிய வந்துச்சு. வாசலத் தாண்டி, தெரு ஓரத்துல போய் நின்னுச்சு. மணி அஞ்சு அம்பத்தஞ்சு.

அந்த நேரம் பாத்து எதிர்வீட்டுக்காரர் வீடியோ எடுத்திருக்காரு. அதத்தான் நீங்க எல்லாரும் பாத்தீங்க. 'நாலு பொம்பளைங்களையும் ஒரு பெரியவரையும் வண்டி தள்ள விட்டுட்டு மகாராஜா மாதிரி உக்காந்திருக்கான் பாரு'ன்னு கமெண்ட்ல கிழிச்சீங்க. சிலர் எங்க அப்பா இனிஷியலையும் சேத்துத் திட்டியிருந்தீங்க. அதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா மூணு தடவை எழுந்திரிக்கப் பாத்தேன், ஸ்டெல்லா மூணு தடவையும் "உக்காருங்க"ன்னா. அது வீடியோவுல கேக்கல.

கரீம் பாய் கை கழுவிட்டு டெம்போல ஏறினாரு.

"வண்டி ஓடாதா தம்பி?"

"ஓட வச்சிடுவேன் பாய்."

"நீயேவா?"

நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

"சரி, சரி. நான் எங்க போய்ட்டேன், இதே ஊர்லதான் இருக்கேன்"னு சொல்லிட்டுக் கிளம்பினாரு.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியே ஷெட்ட கழுவி, வெள்ளை அடிச்சு முடிச்சிட்டாங்க. நான் சுண்ணாம்பு வாளி தூக்கினேன். அதுலயும் ரெண்டு தடவை கொட்டினேன். என் தோல் பை கிழிஞ்சு, டயர் அச்சு விழுந்து, எந்த செலக்ஷன்லயும் சேராத மாதிரி கெடந்துச்சு. கீழ கொட்டின ஸ்பேனர எல்லாம் ஸ்டெல்லா பொறுக்கித் தொடச்சு, பழைய முறுக்கு டப்பாவுல போட்டு ஷெட் மூலையில வச்சா.

திங்கக்கிழமை எட்டு மணிக்கு மெஷின் வந்துச்சு. டெக்னீஷியன் சின்னப் பையன் இல்ல, நரைச்ச மீசை, கறாரான ஆளு. தரையப் பாத்தாரு. கரண்ட் பாயிண்ட்டப் பாத்தாரு. ஒவ்வொண்ணுக்கும் ஸ்டெல்லா மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கடைசியா மெஷின் ஸ்டாண்ட மாட்டும்போது "இங்க ஸ்பேனர் ஏதாவது வச்சிருக்கீங்களாம்மா? நட்டு லூஸானா ஒவ்வொரு தடவையும் எங்க ஆளு வர முடியாது. அது இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்"னாரு.

ஸ்டெல்லா ஒரு செகண்டு முழிச்சா. அப்புறம் முறுக்கு டப்பாவக் கொண்டு வந்து தொறந்தா.

அவரு ஒண்ண எடுத்து நட்டுல வச்சாரு. கச்சுனு உக்காந்துச்சு. அடுத்தத வச்சாரு. அதுவும் கச்சுனு உக்காந்துச்சு. மெஷின் பூரா எம்எம்!

"ஃபுல் செட்டும் இருக்கே! நல்ல சரக்கு. பாத்து வாங்கியிருக்காங்க"ன்னு சொல்லிக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு. நாலு பேரும் ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சுக்கிட்டாங்க. பரிமளா அழுதுட்டாங்க.

சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு ஒரு அடி முன்னாடி வந்து நின்னேன்.

டெக்னீஷியன் பேனாவ மூடிக்கிட்டே கேட்டாரு. "உங்க மெக்கானிக் யாரும்மா?"

ஸ்டெல்லா என்னைப் பாத்தா. தெருவுல நிக்கற வண்டியப் பாத்தா. அவர்கிட்ட திரும்பி ரொம்ப மரியாதையா சொன்னா.

"மெக்கானிக் யாரும் இல்ல சார். டூல்ஸ் மட்டும்தான் இருக்கு."